உக்கிராணம் பார்த்த துறவி: டோம் பெரிஞோன் ஷாம்பெயினின் கதை

பிரான்சின் வடகிழக்கில், மார்ன் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் குன்றுச் சரிவில் ஓவில்லே என்றொரு சின்ன ஊர். அங்கே உள்ள பழைய மடாலயக் கோவிலுக்குள் போனால், பலிபீடத்துக்கு முன்னால் தரையில் ஒரு கறுப்புக் கல் பதித்திருக்கும். அதில் லத்தீனில் செதுக்கியிருப்பதன் சாரம் இது: இங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர் டோம் பியேர் பெரிஞோன், 47 ஆண்டுகள் இந்த மடத்தின் உக்கிராணத்தை (பண்டசாலையை)ப் பார்த்துக்கொண்டவர், மடத்தின் சொத்துகளைப் பெரும் பாராட்டுக்குரிய விதத்தில் நிர்வகித்தவர், நற்குணங்கள் நிறைந்தவர், அவற்றுள் முதலாவது ஏழைகள்மீது அவர் காட்டிய தந்தையன்பு, 1715ஆம் ஆண்டு, தமது 77ஆம் வயதில் காலமானார்.

அவ்வளவுதான். ஒயின் என்ற சொல்லே அந்தக் கல்லில் இல்லை. ஆனால் அதே பெயர்தான் இன்று, இந்த ஷாம்பெயின் பகுதியில் செய்யும் குமிழியிடும் ஒயினான ஷாம்பெயினில் உலகின் மிகப் புகழ்பெற்ற ஒன்றின் மீது, கேடய வடிவ லேபிளில், அச்சாகியிருக்கிறது. இந்த ஒயினைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் காட்ட நினைப்பது இந்தக் கல்லைத்தான். குமிழியைக் கண்டுபிடித்த துறவி என்ற கதையெல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. அவர் பார்த்த வேலை எது என்பதைக் கல் சரியாகச் சொல்கிறது. அந்த வேலையைப் புரிந்துகொண்டால் ஒயினும் பாதி புரிந்துவிடும்.

உக்கிராணப் பொறுப்பு என்றால் என்ன?

டோம் என்பது பெயரின் பகுதி இல்லை. பெனடிக்ட் சபைத் துறவிகளுக்கு மரியாதையாகச் சேர்க்கும் அடைமொழி. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித பெனடிக்ட், நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்று சொல்வார்களே, அவர் தம் துறவிகளுக்காக 73 அதிகாரங்களில் ஓர் ஒழுங்குநூல் எழுதிவைத்தார். எப்போது எழுவது, எத்தனை வேளை செபிப்பது, என்ன உடுத்துவது, வெளியூர் போய் வந்தால் என்ன செய்வது என்று எல்லாம் அதில் இருக்கிறது. அந்த நூலின் 31ஆம் அதிகாரம் முழுவதும் உக்கிராணக்காரரைப் பற்றியது.

அவர் பக்குவமானவராக இருக்க வேண்டும், பெருந்தீனிக்காரராக இருக்கக் கூடாது, கர்வமும் கூடாது, ஊதாரித்தனமும் கூடாது. மடம் முழுமைக்கும் ஒரு தகப்பனைப் போல இருக்க வேண்டும். யாராவது வந்து ஒரு பொருளைக் கேட்டு, கொடுக்க அது கையில் இல்லை என்றால், ஒரு நல்ல வார்த்தையையாவது கொடுத்து அனுப்ப வேண்டும். இவற்றுக்கு நடுவில் ஒரு வரி வருகிறது. எத்தனை தடவை படித்தாலும் என்னை நிறுத்தி வைக்கிற வரி அது: மடத்தின் பாத்திரம் பண்டங்கள், தட்டுமுட்டுச் சாமான்கள் அனைத்தையும் பலிபீடத்தின் திருப்பாத்திரங்களைப் போலவே அவர் கருத வேண்டும்.

அதாவது பூசைக் கிண்ணமும் மண்வெட்டியும் ஒரே கவனத்தோடு கையாளப்பட வேண்டியவை. தோட்டத்துக் கத்தரிக்கோல், பீப்பாய், பிழியும் ஆலை, பறித்த திராட்சைக் குலை என எல்லாவற்றுக்கும் இந்த விதி பொருந்தும். ஒரு குலை நசுங்கிவிட்டால் அது தொழில் நஷ்டத்தோடு முடிகிற விஷயமாக அவருக்கு இருந்திருக்காது.

அதே நூலின் 40ஆம் அதிகாரம் குடிப்பதைப் பற்றியது. ஒயின் துறவிகளுக்கு ஏற்றதே இல்லை என்கிறார்கள்; ஆனால் நம் காலத்துத் துறவிகளை அப்படி நம்பவைக்க முடியவில்லை; ஆகவே திகட்டக் குடிக்காமல் அளவோடாவது குடிப்போம் என்று சொல்லிவிட்டு, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஹெமினா போதும் என்று வரையறுக்கிறார் பெனடிக்ட். அது ரோமானியர்களின் முகத்தலளவை, ஏறக்குறைய கால் லிட்டர். மனிதர்களின் பலவீனத்தைத் தெரிந்துகொண்டு எழுதிய விதி இது. அப்புறம் திருப்பலிக்குத் திராட்சை இரசம் வேண்டும், விருந்தினர்களுக்கு வேண்டும், மடத்தின் கூரையை ஒழுகாமல் வைத்திருக்கப் பணமும் வேண்டும். ஐரோப்பாவில் மடங்களும் திராட்சைத் தோட்டங்களும் நூற்றாண்டுக் கணக்கில் ஒன்றாகவே வளர்ந்ததற்குக் காரணம் இவ்வளவுதான்.

1668

ஓவில்லே மடம் ஏழாம் நூற்றாண்டில், 650ஆம் ஆண்டு வாக்கில், ரைம்ஸ் நகர ஆயர் நிவார் நிறுவியது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, 1668இல், பெரிஞோன் அங்கே வந்து சேர்ந்தார். அதே ஷாம்பெயின் பகுதியில் சாந்த்-மெனூ என்ற ஊரில் 1638இல் பிறந்தவர்; வெர்டன் நகரத்து மடத்தில் துறவியானவர். பிரான்சின் அரசர் பதினான்காம் லூயி பிறந்ததும் 1638, இறந்ததும் 1715. துறவியின் ஆயுளும் அரசரின் ஆயுளும் அப்படியே ஒன்றோடொன்று பொருந்துகின்றன. அரசவைக்கு நல்ல ஒயின் தேவைப்பட்ட காலம் அது.

மடத்துக்குச் சொந்தத் தோட்டங்கள் இருந்தன. அதோடு சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து தசமபாகமாகவும், அதாவது விளைச்சலில் மடத்துக்குச் செலுத்தும் பங்காகவும், திராட்சை வந்து சேரும். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள், ஏனென்றால் அவருடைய பெரிய பங்களிப்பு இங்கேதான் தொடங்குகிறது. தனக்கென்று ஒரே ஒரு தோட்டம் வைத்திருக்கும் விவசாயிக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. விளைந்ததைப் பிழிவார், கிடைத்ததைக் குடிப்பார். உக்கிராணக்காரரின் முற்றத்திலோ பத்து இடத்துத் திராட்சை வந்து குவிகிறது. ஒரு சரிவில் விளைந்தது புளிப்பு தூக்கலாக இருக்கும். இன்னொன்று கனமாக, பழச்சுவை நிறைந்து இருக்கும். மூன்றாவதில் மணம் அதிகம். எதை எதோடு சேர்த்தால் முழுமையாக வரும் என்று யோசிக்கிற வாய்ப்பும் பொறுப்பும் அவருக்கு இருந்தன. காபிக்கொட்டைக் கடையில் பீபெரி பாதி, பிளாண்டேஷன் பாதி என்று கலந்து கேட்கிறவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. தனித்தனியாக எதுவும் மோசமில்லை, சேரும்போது மூன்றாவதாக ஒரு சுவை பிறக்கிறது.

பெரிஞோன் ஒயினாக ஆன பிறகு கலக்கவில்லை. பிழிவதற்கு முன்பே திராட்சையாகவே கலந்தார். அவர் எப்படித் தீர்மானித்தார் என்பதற்கு அடுத்த தலைமுறையினர் ஒரு குறிப்பு விட்டுப் போயிருக்கிறார்கள். வெவ்வேறு தோட்டங்களிலிருந்து பறித்து வந்த திராட்சைகளை இரவு முழுக்க ஜன்னல் திண்டில் வைத்திருப்பாராம். மறுநாள் காலையில் வெறும் வயிற்றில், எது எந்தத் தோட்டத்துப் பழம் என்று கேட்டுக்கொள்ளாமல், ஒவ்வொன்றாகச் சுவைப்பார். சுவைத்துவிட்டுத்தான் எது எதோடு சேர வேண்டும் என்று சொல்வார். குளிர்ந்த பழம், நேற்றைய சாப்பாட்டின் ருசி ஒட்டாத நாக்கு, தோட்டத்தின் பெயர் கெடுக்காத மனசு. அவருக்குப் பார்வை இல்லை என்றொரு கட்டுக்கதை பின்னாளில் உலவியது. பெயர் தெரியாமல் சுவைத்த இந்தப் பழக்கம்தான் அப்படித் திரிந்திருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள்.

அவர் பின்பற்றியவை என்று மரபாகச் சொல்லப்படும் மற்ற பழக்கங்களும் இதே கவனத்தின் பிள்ளைகள்தான். கொடிகளைக் கடுமையாகக் கவாத்து செய்து மூன்று அடிக்கு மேல் வளரவிடக் கூடாது. விளைச்சல் குறைந்தால் குறையட்டும், பழம் செறிவாக வர வேண்டும். வெயில் ஏறும் முன் விடியற்காலைக் குளிரில் பறிக்க வேண்டும். நசுங்கியதையும் வெடித்ததையும் ஒதுக்கிவிட வேண்டும். பிழியும் ஆலை தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தூரமாக இருந்தால் கழுதை அல்லது கோவேறு கழுதைமேல் ஏற்றிவர வேண்டும். குதிரை மிரளும், துள்ளும், பழம் அடிபடும். கழுதை சாது.

கறுப்பிலிருந்து வெள்ளை

ஒரு பன்னீர் திராட்சையை எடுத்து விரலால் பிதுக்கிப் பாருங்கள். தோல் கருநீலம், உள்ளே இருக்கும் சதையோ வெளிறிய பச்சை. சாயம் எல்லாம் தோலில்தான் இருக்கிறது. சிவப்பு ஒயின் செய்கிறவர்கள் தோலோடு சேர்த்து ஊறவிடுகிறார்கள், நிறம் இறங்குகிறது. தோல் ஊற நேரம் தராமல், மென்மையாக, சீக்கிரமாகப் பிழிந்து சாற்றை மட்டும் பிரித்துவிட்டால் கறுப்புத் திராட்சையிலிருந்தே வெள்ளை ஒயின் கிடைக்கும். ஷாம்பெயின் பகுதியின் முக்கியமான கறுப்புத் திராட்சையான பினோ நுவாரிலிருந்து தெளிந்த வெள்ளை ஒயின் எடுக்கும் இந்தக் கலையைப் பெரிஞோன் செம்மைப்படுத்தினார். காலால் மிதிப்பதைத் தவிர்த்தார். ஒவ்வொரு முறை பிழியும்போதும் வருகிற சாற்றைத் தனித்தனியாக வைத்தார். முதலில் வருவது தெளிவானது, கடைசியில் வருவது நிறமும் துவர்ப்பும் ஏறியது.

இந்தப் பாகுபாடு இன்று அந்தப் பகுதியில் சட்டமாகவே இருக்கிறது. 4,000 கிலோ திராட்சைக்கு முதல் பிழிவாக 2,050 லிட்டர் சாறு எடுக்கலாம், இரண்டாவதாக 500 லிட்டர். அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும், வருகிற சாற்றை ஷாம்பெயின் என்று விற்க முடியாது. அறுவடையும் கையால்தான். இயந்திரம் குலையை உதறும், தோல் கிழியும், சாறு நிறமேறிவிடும்.

1694ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில், தாம் கொடுத்த 26 பாட்டில் ஒயினைக் குறிப்பிட்டு, அது உலகிலேயே மிகச் சிறந்தது என்று பெரிஞோன் எழுதுகிறார். பணிவைப் பாடமாகப் படித்த துறவியின் கையிலிருந்து வந்த வாக்கியம். தற்பெருமையாக எனக்குப் படவில்லை. பலிபீடத்துப் பாத்திரத்தைத் துலக்கி வைத்தவர், அது பளபளக்கிறது என்று சொல்வது போலத்தான் கேட்கிறது.

குமிழி எங்கிருந்து வந்தது?

சரி, இப்போது குமிழிக்கு வருவோம். திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்கிறது. தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளியேற்றுகிறது. நொதித்தல் என்பது இதுதான். மார்கழிக் குளிரில் இட்லி மாவு சரியாகப் பொங்காமல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஷாம்பெயின் பகுதி பிரான்சின் குளிர்ந்த வடக்குப் பக்கத்தில் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் நொதிக்கத் தொடங்கிய சாறு, குளிர் முற்றியதும் பாதியிலேயே அடங்கிவிடும். ஈஸ்ட் சாகவில்லை, தூங்குகிறது. சர்க்கரையும் மிச்சம் இருக்கிறது. வசந்தத்தில் சூடு ஏறியதும் மறுபடி வேலையைத் தொடங்கும். பீப்பாயில் இருந்தால் வாயு கசிந்து போய்விடும். பாட்டிலில் அடைத்திருந்தால் போக வழியில்லை. ஒயினிலேயே கரைந்து உட்கார்ந்துகொள்கிறது.

பெரிஞோன் காலத்தில் இது பெரும் தொல்லை. அழுத்தம் தாங்காமல் பாட்டில் வெடிக்கும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் உள்ளவையும் சேர்ந்து போகும். உக்கிராணத்தைக் காப்பவருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் தேடியது குமிழி இல்லாத, அமைதியான, தெளிந்த ஒயினை. வெள்ளைத் திராட்சையிலிருந்து வரும் ஒயின்தான் வசந்தத்தில் மறுபடி பொங்கும் என்று அக்காலத்தில் கருதினார்கள். அவர் கறுப்புத் திராட்சையை விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

குமிழியைக் கொண்டாடிய முதல் கூட்டத்தில் ஆங்கிலேயர்கள் முக்கியமானவர்கள். ஷாம்பெயின் ஒயினைப் பீப்பாயில் வாங்கி, லண்டனில் பாட்டிலில் அடைத்தார்கள். நிலக்கரி உலையில் வார்த்த அவர்களுடைய கண்ணாடி வலுவானது, கார்க் போட்டு இறுக மூடினாலும் தாங்கியது. ஒயினில் சர்க்கரை சேர்த்து நுரைக்க வைக்கும் வழக்கத்தைப் பற்றி கிறிஸ்டோபர் மெரட் என்பவர் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியில் 1662இலேயே ஒரு கட்டுரை சமர்ப்பித்திருக்கிறார். பெரிஞோன் ஓவில்லேக்கு வந்தது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து.

அப்படியானால் அவர்தான் ஷாம்பெயினைக் கண்டுபிடித்தார் என்ற கதை எங்கிருந்து வந்தது? பிரெஞ்சுப் புரட்சியில் மடங்கள் கலைக்கப்பட்டன. ஓவில்லேயின் கடைசிக் காலத் துறவிகளில் ஒருவரான டோம் குரோசார், 1821இல் எழுதிய கடிதத்தில், நுரைக்கும் வெள்ளை ஒயினின் இரகசியத்தைக் கண்டவர் பெரிஞோன்தான் என்று குறிப்பிட்டார். இழந்துபோன தன் மடத்தின்மேல் அவருக்கிருந்த பாசம் அதில் தெரிகிறது. அந்தக் கடிதம் நூல்களில் ஏறியது. "நான் நட்சத்திரங்களைச் சுவைக்கிறேன்" என்று பெரிஞோன் கூவியதாகச் சொல்லப்படும் புகழ்பெற்ற வாசகமோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி விளம்பரங்களிலிருந்து பரவியது. அழகான வாசகம்தான். ஆனால் ஜன்னல் திண்டில் குளிரும் திராட்சையைவிட அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

குமிழியைக் கட்டுக்குள் கொண்டுவர இன்னும் நூறாண்டுக்கு மேல் பிடித்தது. ஒயினைப் பாட்டிலிலேயே வண்டியேற்றி அனுப்ப அரசர் பதினைந்தாம் லூயி 1728இல் அனுமதி கொடுத்தார். அடுத்த ஆண்டே முதல் ஷாம்பெயின் நிறுவனமான ருய்னார் தொடங்கியது. அதை நிறுவியவரின் நெருங்கிய உறவினரான தியெரி ருய்னாரும் பெனடிக்ட் துறவிதான், பெரிஞோனின் சமகாலத்தவர், 1709இல் ஓவில்லேயிலேயே இறந்தவர். 1830களில் ஷாலோன் நகரத்து மருந்தாளர் ஒருவர், பாட்டில் வெடிக்காமல் இருக்க எவ்வளவு சர்க்கரை என்று கணக்கிட்டுக் கொடுத்தார். இன்று முதல் நொதித்தல் முடிந்த ஒயினில் லிட்டருக்கு சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவைக்கிறார்கள். உள்ளே ஏறக்குறைய ஆறு வளிமண்டல அழுத்தம் உருவாகிறது. கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

பெயர் பாட்டிலுக்கு வந்த விதம்

புரட்சிக்குப் பின் ஓவில்லே மடமும் தோட்டங்களும் மொயெத் குடும்பத்தின் கைக்கு வந்தன. 1743இல் தொடங்கிய மொயெத் நிறுவனம் இன்றைக்கு மொயெத்-ஷாந்தோன் என்ற பெயரில் இருப்பது. 1921ஆம் ஆண்டு அறுவடையில் செய்த ஒரு தனிச்சிறப்பான ஷாம்பெயினுக்குத் துறவியின் பெயரைச் சூட்டி, உலகப் பொருளாதார மந்தம் நிலவிய 1936இல் சந்தைக்கு அனுப்பினார்கள். முதல் பெட்டிகள் கப்பலில் நியூயார்க்குக்குப் போயின. ஒரு நிறுவனம் தன் ஆகச் சிறந்த ஒயினுக்குத் தனிப் பெயரிட்டு விற்கும் வழக்கம் அதிலிருந்துதான் பரவியது.

இதில் துறவியின் வழி எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்வி. கல்லறைக் கல் புகழும் "ஏழைகள்மீது தந்தையன்பு" என்ற வரிக்கும் இந்த பாட்டிலின் விலைக்கும் நடுவே உள்ள தூரத்தை எந்த விளம்பரத்தாலும் மறைக்க முடியாது. ஆனால் ஒயின் செய்யும் முறையில் மூன்று நூற்றாண்டு தாண்டியும் அறுபடாத இழை ஒன்று உண்டு என்று நான் நம்புகிறேன்.

பெரும்பாலான ஷாம்பெயின்களில் ஆண்டு குறிப்பிட்டிருக்காது. பல ஆண்டுகளின் ஒயினைக் கலந்து, எப்போதும் ஒரே சுவை வருமாறு செய்வார்கள். குளிர்ப் பிரதேசத்தில் ஒவ்வோர் ஆண்டும் நல்ல விளைச்சல் கிடைக்காது என்பதால் அது ஒரு காப்பீடு. டோம் பெரிஞோனில் அது கிடையாது. ஒரே ஆண்டின் அறுவடையிலிருந்து மட்டுமே செய்கிறார்கள். பழம் சரியில்லை என்றால் அந்த ஆண்டு டோம் பெரிஞோனே இல்லை. 2001, 2007, 2011 ஆகிய ஆண்டுகளில் வெளிவரவில்லை. நசுங்கிய குலையை ஒதுக்கும் அதே கை இங்கே முழு ஆண்டையும் ஒதுக்குகிறது.

கலப்பதில் இரண்டே திராட்சைகள்: கறுப்பான பினோ நுவார், வெள்ளையான ஷார்டனே. ஆய், பூஸி, வெர்ஸனே, அவிஸ் போன்ற முதல்தர ஊர்களின் தோட்டங்களோடு, ஓவில்லேயில் மடத்துக்குச் சொந்தமாயிருந்த தோட்டங்களின் பழமும் சேர்கிறது. இரண்டு திராட்சைகளும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து நிற்க வேண்டும், எதுவும் எதையும் அமுக்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. ஆகவே விகிதம் நிலையானதில்லை. ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

2003ஐப் பாருங்கள். ஏப்ரலில் உறைபனி விழுந்து ஷார்டனே மொட்டுகளைப் பெருமளவு கருக்கியது. கோடையில் ஐரோப்பாவையே வாட்டிய வெப்ப அலை. ஆகஸ்ட் மாதத்திலேயே அறுவடை. புளிப்பு குறைந்த, முற்றிப் பழுத்த பழம். பல நிறுவனங்கள் அந்த ஆண்டின் பெயரில் ஷாம்பெயினே வெளியிடவில்லை. 1990 முதல் 2018 வரை டோம் பெரிஞோனின் நிலவறைத் தலைவராக, அதாவது ஒயின் செய்வதன் தலைமைப் பொறுப்பாளராக, இருந்த ரிச்சர்ட் ஜெஃப்ருவா, இவர் மருத்துவம் படித்துவிட்டு ஒயினுக்கு வந்தவர், செய்வது என்று முடிவெடுத்தார். ஒவ்வோர் ஆண்டும் ஒரே சுவை வர வேண்டும் என்று நினைக்கிறவர் அதைச் செய்திருக்க மாட்டார். அந்த ஆண்டு கொடுத்தது என்னவோ அதை வைத்து முழுமையாக ஒன்றைச் செய்ய முடியுமா என்று பார்த்திருக்கிறார். வந்து குவிந்த தசமபாகத் திராட்சையின் முன் நின்றவருக்கும் இதே கேள்விதான்.

காத்திருப்பு

இரண்டாம் நொதித்தல் முடிந்ததும் ஈஸ்ட் செத்து, மண்டியாகப் பாட்டிலின் அடியில் படிகிறது. உடனே எடுத்துவிடுவதில்லை. செத்த ஈஸ்ட் செல்கள் மெல்ல மெல்ல உடைந்து தம்மிடமுள்ளதை ஒயினுக்குள் விடுகின்றன. வாட்டிய ரொட்டி மணமும் வழுவழுப்பும் அதிலிருந்து வருபவை. உள்ளே நுழையும் ஆக்சிஜனையும் மண்டி உறிஞ்சிக்கொள்வதால் ஒயின் சீக்கிரம் மூப்படையாது. சுண்ணக்கல்லைக் குடைந்த நிலவறைகளில் ஆண்டு முழுக்க 10, 12 டிகிரி குளிர், இருட்டு, அசைவில்லை. சட்டப்படி ஆண்டு குறிப்பிடாத ஷாம்பெயினுக்கு 15 மாதங்கள் போதும், ஆண்டு குறிப்பிட்டதற்கு மூன்று ஆண்டுகள். டோம் பெரிஞோன் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் காத்திருக்கிறது. அதன் பிறகு பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்துத் திருப்பித் திருப்பி மண்டியைக் கழுத்துக்கு இறக்கி, கழுத்தை உறையவைத்து, மூடியைத் திறந்தால் மண்டி கட்டியாக வெளியே தெறிக்கும். சிறிது சர்க்கரை சேர்த்த ஒயினால் நிரப்பி, கார்க் போடுவார்கள்.

எல்லா பாட்டிலும் அப்போதே வெளியே போவதில்லை. ஒரு பங்கை மண்டியோடு அப்படியே விட்டுவைத்து, 15 ஆண்டு வாக்கில் ஒரு தடவையும் 25 ஆண்டு தாண்டி இன்னொரு தடவையும் வெளியிடுகிறார்கள். நிறைவு என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லான பிளெனித்யூத் என்பதன் முதலெழுத்தை வைத்து இவற்றைப் பி2, பி3 என்று குறிக்கிறார்கள். ஒயின் நேர்கோட்டில் முதிர்வதில்லை, படி படியாக ஏறி ஒவ்வொரு படியிலும் ஒரு தடவை நிறைவடைகிறது என்பது இதன் பின்னுள்ள எண்ணம்.

2019 தொடக்கத்தில் ஜெஃப்ருவாவிடமிருந்து வின்சென்ட் ஷாபரோன் பொறுப்பேற்றார். அதன் பிறகு பல ஆண்டுகளுக்கு அவர் வெளியே அனுப்பியது முன்னவர் காலத்தில் மூடிவைத்த பாட்டில்களைத்தான். பொறுப்பேற்ற பிறகு அவர் மூடிவைக்கும் பாட்டில்களின் மூன்றாம் கட்டத்தைத் திறக்க 2040களின் நடுப்பகுதி ஆகிவிடும். அதைச் சுவைத்துப் பார்த்து, போகலாம் என்று சொல்லப்போகிறவர் அவராக இருக்கலாம், வேறொருவராகவும் இருக்கலாம்.